தலைகீழாப் பாடின உப்புப் பாத்தி

ஒரே வரி. எழுத்து மாறல, எண் மாறல. லேப்டாப்ல இருக்கிற ஃபைல்ல இருந்து படிச்சா பாத்தி பாடுது. அதே வரியை ஃபோன்ல இருந்து அனுப்பினா ஊமை.

எர்ரர் கூட வரல. வந்திருந்தா திட்டிக்கிட்டாவது தேடலாம். ஒண்ணுமே நடக்காத மாதிரி உட்கார்ந்திருக்கிற சாஃப்ட்வேரை என்ன பண்றது சொல்லுங்க?

அந்த எரிச்சல் இன்னும் முழுசா ஆறல. அதுக்குள்ள எழுதிடலாம்னு உட்கார்ந்திருக்கேன்.

முதல்ல பாத்தி ஏன் பாடணும்னு கேப்பீங்க. மரக்காணம் பக்கம் எங்க சித்தப்பா பையன் (எனக்கு அண்ணன் முறை) உப்பளம் குத்தகைக்கு எடுத்திருக்கான். சென்னையில இருந்து ஈ.சி.ஆர்.ல பாண்டிச்சேரி போறவங்க எல்லாருமே அந்த வெள்ளைக் கட்டம் கட்டமான நிலத்தைப் பார்த்திருப்பீங்க. வண்டியை ஓரங்கட்டி செல்ஃபியும் எடுத்திருப்பீங்க. ஆந்திராவுல ஆரம்பிக்கிற பக்கிங்ஹாம் கால்வாய் தெற்கே வந்து முடியுற இடம் இதான். ஒரு காலத்துல உப்பும் விறகும் படகுல ஏறி மெட்ராஸ் போன பாதை. இந்தாண்ட கழுவேலி ஏரி, அந்தாண்ட கடல், நடுவுல எங்க ஆளுங்க வெயில்ல.

உப்பு விளையிறது மொத்தமும் ஒரு எண்ணை வச்சுத்தான் நடக்குது. டிகிரி. சூடு இல்லைங்க, தண்ணியோட அடர்த்தி. மிதக்கிற கண்ணாடிக் குழாயை விட்டுப் பார்ப்பாங்க. போமேனு ஒரு பிரெஞ்சுக்காரர் பேர்ல இருக்கிற அளவு அது. கடல் தண்ணி மூணு, மூணரை டிகிரி இருக்கும். பாத்தி பாத்தியா மாத்தி மாத்தி வெயில்ல காய வச்சா ஏறிக்கிட்டே போகும். பதிமூணு, பதினாலுல ஜிப்சம் படிய ஆரம்பிக்கும். 25 கிட்ட உப்பு பூக்கும். 29, 30 தாண்டிடுச்சுன்னா மிச்சத் தண்ணியைத் தொறந்து விட்டுடணும். இல்லாட்டி மெக்னீசியம் கலந்து உப்பு கசக்கும்.

மூணுல ஆரம்பிச்சு முப்பதுல முடியுற எண் வரிசை. எனக்கு அதைப் பார்த்ததும் ஆரோகணம்தான் ஞாபகம் வந்துச்சு. தண்ணி ஒவ்வொரு பாத்தியா நகர நகர சுருதி ஏறணும். உப்பு பூக்குற இடத்துல சில்லு சில்லுனு ஒரு சத்தம் விழணும். இதைக் கேக்குற மாதிரி பண்ணினா எப்படி இருக்கும்?

அண்ணன்கிட்ட சொன்னேன். "வேலை இல்லையாடா உனக்கு?"ன்னான். (இருக்கு. ஆனா இது நல்லா இருக்கு.)

இதுக்கு நான் எடுத்தது பியூர் டேட்டா. இலவசம். பழைய லேப்டாப்ல ஓடும். கோடு எழுத வேணாம், திரையில பெட்டி வரைஞ்சு பெட்டிக்குப் பெட்டி கம்பி இழுத்தா போதும். இதை எழுதினவர் மில்லர் பக்கெட். எண்பதுகள்ல பாரிஸ்ல இர்காம்ங்கிற இசை ஆராய்ச்சி நிலையத்துல இருந்தப்போ முதல்ல மேக்ஸ்னு ஒண்ணு எழுதினார். பேரு கம்ப்யூட்டர் இசைக்கு முன்னோடி மேக்ஸ் மேத்யூஸோடது. 1990ல அது காசுக்கு விக்கிற மென்பொருளா வெளிவந்துச்சு. இன்னைக்கும் விக்குது. பக்கெட் கலிஃபோர்னியா போய் 1996ல திரும்ப முதல்ல இருந்து எழுதி, இந்தாங்க எடுத்துக்கோங்கன்னு குடுத்ததுதான் பியூர் டேட்டா.

(பெட்டிப் பேரெல்லாம் இங்க தமிழ்ல எழுதுறேன். பெட்டிக்குள்ள இங்கிலீஷ்லதான் தட்டணும். காதால படிச்சுக்கோங்க.)

இப்போ அந்த ஊமை வரிக்கு வருவோம்.

என் ஃபைல்ல ஒரு வரி இப்படி இருக்கும்: டிகிரி 3 24.5. அதாவது மூணாம் பாத்தி, இருபத்தி நாலரை. இன்னொரு வரி: உயரம் 3 2. மூணாம் பாத்தியில ரெண்டு அங்குலம் தண்ணி. 'டெக்ஸ்ட்ஃபைல்' பெட்டி இதை வரி வரியா படிச்சுத் தரும். கீழ 'ரூட்' பெட்டி டிகிரியை ஒரு பக்கம், உயரத்தை ஒரு பக்கம் பிரிச்சு அனுப்பும். அருமையா ஓடிச்சு.

அப்புறம் பேராசை. உப்பளத்துல நின்னுக்கிட்டே ஃபோன்ல எண்ணைத் தட்டி அங்கேயே கேக்கலாமேன்னு. ஃபோன்ல இருந்து ஓ.எஸ்.சி. முறையில அனுப்பலாம். 97ல பெர்க்லியில உருவாக்கினது, இசை மென்பொருள் பலதுக்கும் இது புரியும். பியூர் டேட்டாவுல அதைப் பிரிக்க 'ஓ.எஸ்.சி. பார்ஸ்'னு பெட்டி தயாரா இருக்கு. கம்பி இழுத்தேன், அதே 'ரூட்' பெட்டிக்கு.

ஊமை.

ஹாட்ஸ்பாட்டை அணைச்சுப் போட்டேன். போர்ட் எண்ணை மாத்தினேன். ஃபயர்வாலைத் தூக்கினேன். ஃபோனையே மாத்திப் பார்த்தேன். கடைசியாதான் 'பிரிண்ட்' பெட்டியை நடுவுல சொருகினேன். முதல்லயே அதைத்தான் செய்யணும், ஆனா உலகத்துல யாரு முதல்ல அதைச் செய்றா?

ஃபைல்ல இருந்து வந்தது: டிகிரி 3 24.5.

ஃபோன்ல இருந்து வந்தது: லிஸ்ட் டிகிரி 3 24.5.

முன்னாடி ஒரு வார்த்தை. நான் தட்டாத வார்த்தை. யாரும் தட்டாத வார்த்தை.

இங்கதான் பியூர் டேட்டாவோட உள் விவகாரம் இருக்கு. இந்தப் பெட்டிகளுக்கு நடுவுல கம்பி வழியா போறது எல்லாமே மெசேஜ். ஒவ்வொரு மெசேஜுக்கும் முன்னால ஒரு தலைவார்த்தை, பின்னால சரக்கு. நம்ம ஊர் பஸ்ஸுக்கு முன்னாடி போர்டு இருக்கிற மாதிரி. உள்ள யாரு உட்கார்ந்திருக்காங்கன்னு பார்த்து யாரும் ஏறுறதில்ல, போர்டைப் பார்த்துத்தான் ஏறுவோம். 'ரூட்' பெட்டியும் அப்படித்தான். அது போர்டை மட்டும்தான் படிக்கும். போர்டுல 'டிகிரி'ன்னு இருந்தா தன் வண்டின்னு எடுத்துக்கும். போர்டுல 'லிஸ்ட்'னு இருந்து, டிகிரி உள்ள முதல் சீட்டுல உட்கார்ந்திருந்தா? அது வேற ஊர் வண்டின்னு வலது ஓரத்து வாய் வழியா வெளிய தள்ளிடும். அந்த வாய்ல நான் கம்பி மாட்டல. அதான் எர்ரரும் இல்ல, சத்தமும் இல்ல. அது தன் வேலையைச் சரியா பார்த்திருக்கு!

சரி, ஏன் ஒரு பெட்டி 'லிஸ்ட்' போடுது, இன்னொண்ணு போடல? 'டெக்ஸ்ட்ஃபைல்' பெட்டி, வரி வார்த்தையில ஆரம்பிச்சா அந்த வார்த்தையையே தலையா வச்சுடும். 'ஓ.எஸ்.சி. பார்ஸ்' எப்பவும் லிஸ்ட்டாதான் தரும். பின்னாடி வந்த 'டெக்ஸ்ட் கெட்'டும் அதே ரகம், லிஸ்ட்டுன்னா லிஸ்ட்தான். ஒரே வீட்டுல அண்ணனுக்கு ஒரு பழக்கம், தம்பிக்கு ஒரு பழக்கம். ஹெல்ப் ஃபைல்ல இதையெல்லாம் பொறுமையா எழுதித்தான் வச்சிருக்காங்க. ராத்திரி பதினோரு மணிக்கு ஹெல்ப் ஃபைல் படிக்கிற மனநிலையில யாரு இருக்கா?

மருந்து ஒரே ஒரு பெட்டி. 'லிஸ்ட் டிரிம்'. 'லிஸ்ட்'ங்கிற தலையை மட்டும் சீவி எடுத்துடும். அடுத்து நிக்கிற வார்த்தை தலையாகிடும். 'ஓ.எஸ்.சி. பார்ஸ்', 'லிஸ்ட் டிரிம்', 'ரூட்'. இந்த மூணையும் அதே வரிசையில கண்ணை மூடிக்கிட்டு மாட்டிடுங்க. இந்தப் பதிவுல வேற எதுவும் மனசுல நிக்கலைன்னாலும் பரவால்ல.

இப்போ ஒரு நியாயமான கேள்வி வரும். தலை கட்டாயம்னா, 3 24.5ன்னு வெறும் எண்ணை அனுப்பும்போது தலை எங்க போச்சு?

போகல, ஒளிஞ்சிருக்கு. முதல்ல எண் இருந்து, மொத்தம் ஒண்ணுக்கு மேல இருந்தா தலை 'லிஸ்ட்'னு அதுவே வச்சுக்கும், ஆனா காட்டாது. ஒரே ஒரு எண்ணா இருந்தா தலை 'ஃப்ளோட்'. ஒரே ஒரு வார்த்தையை சரக்கா அனுப்பணும்னா 'சிம்பல்'னு தலை போட்டுத்தான் அனுப்பணும். எதுவுமே இல்லாத காலி லிஸ்ட்டா இருந்தா அது 'பேங்', அதாவது "ம், செய்"னு ஒரு தட்டு.

எழுதுறவங்களுக்கு வசதியா இருக்கட்டும்னு பண்ணின ஏற்பாடு. எண்ணை வச்சே வேலை பண்றவங்களுக்கு வசதியாதான் இருக்கு. வார்த்தையும் எண்ணும் கலந்தா வசதி போய் வாதை ஆரம்பிக்குது. என்னைக் கேட்டா, தலையை எப்பவுமே வெளிய காட்டியிருக்கணும். நாலு எழுத்து கூடுதலா தட்டுறதுல யாரும் தேய்ஞ்சு போயிட மாட்டாங்க.

இதுக்கு எங்க பாத்திப் பேரே சாட்சி. ஆரம்பத்துல டிகிரி, உயரம்னு வார்த்தை எல்லாம் வைக்காம, பாத்திப் பேரை முன்னாடி போட்டு எழுதியிருந்தேன். 7 24.5. அதுக்குக் கீழ 7ஏ 21. (ஏழாம் பாத்தியை ரெண்டாப் பிரிச்சு நடுவுல வரப்பு போட்டது அண்ணன். எட்டுனு பேர் வைக்க மனசு வரல அவனுக்கு.) பக்கத்து பக்கத்து வரி, பக்கத்து பக்கத்து பாத்தி. ஆனா 7 எண். அதனால முதல் வரி லிஸ்ட். 7ஏ வார்த்தை. அதனால ரெண்டாவது வரிக்கு 7ஏதான் தலை, 21 மட்டும் சரக்கு. முதல் வரியை 'அன்பேக்'ல போட்டா ரெண்டு எண்ணும் ரெண்டு வாய்ல சமத்தா விழுது. ரெண்டாவது வரியைப் போட்டா சிவப்பு எழுத்துல திட்டு.

கர்நாடக சங்கீதக் குறிப்பை இதுல ஏத்தலாம்னு நினைக்கிறவங்களுக்கும் இதே கதிதான். ஸ ரி 2 க ம 4னு தட்டினா 'ஸ' தலையாகிடும், ரி 2 க ம 4 சரக்காகிடும். சட்ஜத்தை சங்கீதத்துல வேணா தலையில வைக்கலாம், இங்க வச்சா அது காணாமப் போகும். (ஸ்வரத்தை டைப் பண்ணினா கமகத்தோட வாசிக்கிற மென்பொருள் வேணும்னா சென்னை எம்.சுப்ரமணியன் எழுதின 'காயகா'வைப் பாருங்க. அது அதுக்காகவே செஞ்சது, இந்தத் தலைவலி கிடையாது.)

தமிழ்லயே பாத்திப் பேர் வைக்கலாமான்னும் பார்த்தேன். வைக்கலாம், யூனிகோடு எடுத்துக்குது. ஆனா 'உப்பு'ங்கிற வார்த்தையை 'லிஸ்ட் ஃப்ரம்சிம்பல்' பெட்டியில விட்டு எழுத்து எழுத்தா பிரிக்கச் சொன்னா பதினஞ்சு எண் கொட்டுது. அது எழுத்தை எண்ணல, பைட்டை எண்ணுது. புள்ளி, கொம்பு எல்லாம் சேர்த்து ஒவ்வொண்ணுக்கும் மூணு பைட். அந்த ஆசையை அங்கேயே மூட்டை கட்டிட்டேன்.

அடுத்து வந்ததுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச தகராறு.

ஒவ்வொரு பாத்தியா அனுப்பாம, எல்லாப் பாத்தியையும் ஒரே லிஸ்ட்டா அனுப்பணும்னு வச்சேன். பாத்தி எண், டிகிரி, உயரம். பாத்தி எண், டிகிரி, உயரம். மூணு மூணா நீளமா ஒரு ரயில். பியூர் டேட்டாவுல "இந்த லிஸ்ட்டுல இருக்கிற ஒவ்வொண்ணுக்கும் இதைச் செய்"னு சொல்ல நேரடியா வழி கிடையாது. (மேக்ஸ்ல 'இசட் எல்'னு ஒரு குடும்பமே இருக்கு, மூணு மூணா வெட்டு, திருப்பிப் போடு, வரிசைப்படுத்துன்னு எல்லாம் ஒரு வார்த்தையில முடியும். காசு குடுத்தவன் புண்ணியவான்.) இங்க 'லிஸ்ட் ஸ்ப்ளிட் 3'னு போட்டா முதல் மூணு இடது வாய்ல வரும், மிச்சம் நடு வாய்ல வரும், மூணுக்குக் குறைவா இருந்தா வலது வாய்ல வரும். மிச்சத்தைத் திரும்ப அதே பெட்டியோட தலையிலயே ஊத்தினா போதும், சுத்திச் சுத்தி தானா வெட்டிக்கும். வெட்டினதை ஒரு 'டெக்ஸ்ட்ஃபைல்'ல வரி வரியா சேர்த்து வச்சு, 'மெட்ரோ' தட்டுற வேகத்துக்கு ஒவ்வொண்ணா எடுத்துப் பாட வைக்கலாம்.

(சேர்க்கும்போதும் அதே வில்லன். 'லிஸ்ட் ப்ரிபெண்ட்'ல 'ஆட்'ங்கிற கட்டளையை முன்னாடி ஒட்டினா வெளிய வர்றது 'லிஸ்ட் ஆட் 1 3.5 12'. மறுபடியும் 'லிஸ்ட் டிரிம்'. இதுக்குன்னே கீபோர்டுல ஒரு பட்டன் வைக்கலாம்.)

பாடிச்சு. அழகா பாடிச்சு. கடல் தண்ணிக்கு 131 ஹெர்ட்ஸ், உப்பு பூக்குற 25 டிகிரிக்கு 523. சரியா ரெண்டு ஸ்தாயி. நடுவுல இருக்கிற பாத்தி எல்லாம் அதது இடத்துல. லேப்டாப்பை வரப்புல வச்சு, சின்ன ஸ்பீக்கரை மாட்டி, சாயங்காலம் வேலை முடிஞ்சு கை கழுவிக்கிட்டு இருந்தவங்களுக்குப் போட்டுக் காட்டினேன்.

எல்லாரும் நல்லாருக்குன்னாங்க. (நல்லாருக்குன்னா சீக்கிரம் விடுன்னு அர்த்தம்.) பல வருஷமா உப்பு வாருற அக்கா ஒருத்தங்க மட்டும் கொஞ்ச நேரம் கேட்டுட்டு, "ஏம்பா, தண்ணி அந்தாண்டருந்து இந்தாண்ட வருது. உன் பாட்டு இந்தாண்டருந்து அந்தாண்ட போவுதே?"ன்னாங்க.

நான் திரும்பக் கேட்டேன். ஆமா. உச்சத்துல ஆரம்பிச்சு இறங்கிக்கிட்டே போகுது. ஆரோகணம் கேட்டா அவரோகணம் வருது. உப்புல இருந்து கடலுக்கு.

"திருப்பிப் போடுறேங்கா"ன்னேன்.

"திருப்பாட்டியும் பரவால்ல, கேக்க நல்லாதான் கீது"ன்னுட்டு பக்கெட்டை எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க.

ஏன் தலைகீழ்? பியூர் டேட்டாவுல ஒரு பெட்டிக்கு ரெண்டு மூணு வாய் இருந்தா சரக்கு வலது பக்கத்துல இருந்து இடது பக்கமா வரும். இது பக்கெட் மேக்ஸ் காலத்துலயே வச்ச விதி. கூட்டல் பெட்டிக்கு வலதுல 4ஐக் குடுத்துட்டு இடதுல 3ஐக் குடுத்தாதான் 7 வரும். இடது வாய்தான் விசை, அதைத் தொட்டாதான் வெடிக்கும். வலது வாய் சும்மா வாங்கி வச்சுக்கும். அதனால வலதை முதல்ல நிரப்பிட்டு இடதைக் கடைசியா தட்டுறதுதான் இங்க ஒழுங்கு.

இப்போ என் 'லிஸ்ட் ஸ்ப்ளிட்'டைப் பாருங்க. முதல் மூணு இடது வாய். மிச்சம் நடு வாய். நடுதான் வலதுக்குப் பக்கம், அதனால மிச்சம் முதல்ல கிளம்பிடும். கிளம்பினது திரும்ப அதே பெட்டிக்குள்ள போய் வெட்டுப்படும். அதோட மிச்சம் மறுபடியும் முதல்ல கிளம்பும். இப்படியே கடைசி வரைக்கும் போய், கடைசி மூணு வெளிய விழுந்த பிறகுதான் அதுக்கு முந்தின மூணுக்கு வாய் தொறக்கும். முதல்ல நின்ன பாத்தி கடைசியா வெளிய வரும். லிஸ்ட் ரொம்ப நீளமா போனா இன்னும் மோசம், ஒண்ணுக்குள்ள ஒண்ணா இறங்கி ஸ்டேக் ஓவர்ஃப்ளோன்னு கத்தும்.

திருத்தம் இதுதான். மிச்சத்தை உடனே சுத்தவிடாதீங்க. 'லிஸ்ட் அப்பெண்ட்' பெட்டியோட வலது வாய்ல பிடிச்சு வைங்க. அது விசை இல்லாத வாய், வாங்கிக்கிட்டு சும்மா இருக்கும். இடது வாய்ல வர்ற முதல் மூணை 'டிரிகர் பி எல்' பெட்டியில விடுங்க. டிரிகரும் வலதுல இருந்து இடதுக்குத்தான், அதனால முதல்ல அந்த மூணு எண்ணும் பாடப் போயிடும். அப்புறம்தான் ஒரு பேங் கிளம்பிப் போய் 'லிஸ்ட் அப்பெண்ட்'டைத் தட்டும். பிடிச்சு வச்சிருந்த மிச்சம் இப்போதான் சுத்துக்கு வரும். காலியானதும் 'ஸ்ப்ளிட்' அதை வலது வாய்ல துப்பிட்டு நின்னுக்கும். தனியா நிறுத்த வேண்டிய அவசியம் இல்ல.

கம்பி இழுத்து முடிச்சா ஆரோகணம்.

எனக்கு இதுல ஆச்சரியம் என்னன்னா, திரையில பார்த்தா இது தெரியவே தெரியாது. பெட்டியும் கம்பியும் ரெண்டு படத்துலயும் சாதுவா இருக்கும். எது முந்தி எது பிந்திங்கிறது படத்துல வரையவே இல்ல, வாய் வலதுல இருக்கா இடதுல இருக்காங்கிறதுல ஒளிஞ்சிருக்கு. கண்ணால நிரல் எழுதுற மொழின்னு பேரு, ஆனா தப்பைக் காதுதான் கண்டுபிடிச்சுது. அதுவும் என் காது இல்ல. அதனால நான் இப்போ ஒரு வாய்ல இருந்து ரெண்டு கம்பி இழுக்கிறதையே விட்டுட்டேன். எங்க ரெண்டு போகணுமோ அங்க 'டிரிகர்' வச்சுடுறேன். பேட்ச் (பெட்டியும் கம்பியும் சேர்ந்த மொத்தப் படம்) கொஞ்சம் நீளமாகும். ஆகட்டும்.

ஒவ்வொரு பாத்திக்கும் தனிக் குரல் வேணும்ல? அதுக்கு 'குளோன்' பெட்டி. ஒரு பாத்தியை மட்டும் ஒரு சின்ன பேட்ச்சா வரைஞ்சு, எத்தனை வேணுமோ அத்தனை நகல் கேக்கலாம். 3 24.5 2ன்னு லிஸ்ட் போட்டா 3ஐ எடுத்துக்கிட்டு மிச்சத்தை மூணாவது நகலுக்குக் குடுத்துடும். லிஸ்ட் முன்னால எண் வச்சா என்ன லாபம்னு கேட்டீங்கன்னா, இதான் லாபம். இயல்பா பூஜ்யத்துல இருந்து எண்ணும், ஒண்ணுல இருந்து எண்ணச் சொல்லணும்னா அதுக்கு ஒரு விருப்பக்குறி இருக்கு, போட்டுக்கோங்க. அண்ணன்கிட்ட பூஜ்யமாவது பாத்தின்னு சொல்லிப் பாருங்க, தெரியும்.

உப்பு பூக்குற சில்லு சத்தத்தை நான் செயற்கையா செய்யல. விடியக்காலையில பலகையை வச்சு உப்பு வாரும்போது ஒரு சத்தம் வரும். முதல்ல தண்ணி விலகுற 'ஸ்ஸ்'. அதுக்குக் கீழ கல்லு கல்லா உரசுற 'க்ரக்'. இழுத்து முடிக்கிற இடத்துல பலகை ஈரமண்ணுல மொத்துற 'தப்'. மூணும் ஒரே இழுப்புல. ஃபோன் மைக்ல எடுத்தா வெறும் காத்துதான் வருது (கடக்கரைங்க, காத்துக்கு என்ன பஞ்சம்). மைக்கைத் துணியில சுத்தி, பலகைக் கட்டையிலயே கட்டினப்போதான் அந்த 'க்ரக்' வந்துச்சு. அதுல இருந்து ஒரு துணுக்கை வெட்டி, 25ஐத் தாண்டின பாத்திக்கு மட்டும் தூவி விட்டிருக்கேன்.

காலி லிஸ்ட்னா பேங்னு மேல சொன்னேன்ல, அது ஒரு நாள் விளையாடிச்சு. அண்ணன் ஃபோன்ல டிகிரி 3ன்னு தட்டிட்டு எண்ணைப் போட மறந்து அனுப்பிட்டான். 'குளோன்' 3ஐ எடுத்துக்கிச்சு. மிச்சம்? ஒண்ணும் இல்ல. ஒண்ணும் இல்லைன்னா பேங். பாத்திக்குள்ள இருந்த 'ஃப்ளோட்' பெட்டி பேங் வந்தா கடைசியா வாங்கி வச்ச எண்ணைத் திரும்பக் குடுக்கும். நேத்து டிகிரி இன்னைக்குப் பாடிச்சு, அதுவும் கம்பீரமா. கேக்குறவனுக்கு அது பழசுன்னு எப்படித் தெரியும்? இப்போ வாசல்லயே 'லிஸ்ட் லெங்த்' வச்சு எண்ணிப் பார்த்துட்டுத்தான் உள்ள விடுறேன். குறைஞ்சா திருப்பி அனுப்பு.

மேக்ஸ்ல இந்தப் பேட்ச்சை ஏத்த நினைக்கிறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. அங்க முழு எண் வேற சாதி, தசம எண் வேற சாதி. கூட்டல் பெட்டியை வெறுமனே போட்டா அது முழு எண் பெட்டி. 24.5 உள்ள போனா 24 வெளிய வரும், அரையை யாரு தின்னாங்கன்னே தெரியாது. பெட்டிக்குள்ள ஒரு பூஜ்யமும் புள்ளியும் சேர்த்து எழுதினாதான் தசமத்தை மதிக்கும். உப்புல அரை டிகிரின்னா என்னன்னு அண்ணன்கிட்ட கேளுங்க. பியூர் டேட்டாவுல இந்த வம்பு இல்ல, எல்லா எண்ணும் ஃப்ளோட்தான்.

அதுக்குப் பதிலா வேற வம்பு. ஃபோன்ல இருந்து ஒவ்வொரு அளவோடயும் நேரத்தையும் சேர்த்து அனுப்பச் சொன்னேன். ஃபோன் நேரத்தை 1970ல இருந்து எத்தனை நொடின்னு சொல்லும், நூத்தி எழுபது கோடிக்கு மேல போகுது. வழக்கமா நாம இறக்கி நிறுவுற பியூர் டேட்டா 32 பிட் ஃப்ளோட். அவ்வளவு பெரிய எண்ணுல அதால 128 நொடிக்கு ஒரு தடவைதான் அடி எடுத்து வைக்க முடியும். நாலு பாத்தி அளவை அடுத்தடுத்து அனுப்பினா நாலுக்கும் ஒரே நேரம் பதிவாகுது. நாலு பாத்தியிலயும் ஒரே நொடியில குழாயை விட்ட மாதிரி! நேரத்தை மணி, நிமிஷம், நொடின்னு மூணு சின்ன எண்ணா உடைச்சு லிஸ்ட்டோட கடைசியில ஒட்டினதும் சரியாயிடுச்சு. முன்னாடி ஒட்டிடாதீங்க, மணி ஏழா இருந்தா 'குளோன்' ஏழாம் பாத்திக்குக் கொண்டு போய்க் குடுத்துடும்.

அண்ணனுக்கு இப்போ இந்த விஷயத்துல ஒரு அக்கறை வந்திருக்கு. பாட்டு மேல இல்ல. "29 தாண்டினா மட்டும் கத்துற மாதிரி பண்ணுடா, மிச்சமெல்லாம் எனக்கு எதுக்கு"ங்கிறான். அதுக்கு 'மோசஸ் 29'னு ஒரே ஒரு பெட்டி போதும். 29க்குக் கீழ இருந்தா இடது, 29ம் அதுக்கு மேலயும் வலது. கடலைப் பிளந்தவர் பேரைத்தான் வச்சிருக்காங்க. வலது வாய்ல ஒரு சைரன் மாட்டிக் குடுத்துட்டேன். ஆனா அதுக்கும் எண்ணை யாராவது ஃபோன்ல தட்டணும். தட்டுறதுக்குள்ள அவனே குழாயைப் பார்த்துட்டு மடையைத் தொறந்து விட்டுடுறான்.